வீட்டு முயலின் நகம் தானாகத் தேய என்ன செய்யலாம்?

கேள்வி: திருநகர் வாசகர்

வணக்கம். மதுரை திருநகரில், மாடி வீட்டில், இரண்டு முயல்களை இரண்டு ஆண்டுகளாக வளர்த்து வருகிறோம். வீடு முழுவதும் வழவழப்பான டைல்ஸ் தரை என்பதாலோ என்னவோ, நகங்கள் நீண்டு வளைந்துவிட்டன. போன வாரம் ஒன்றின் நகம் போர்வை நூலில் மாட்டிக்கொண்டு அது துடித்ததைப் பார்த்ததிலிருந்து அம்மா கலங்கிப்போயிருக்கிறார். நகவெட்டியைக் கையில் எடுத்தாலே இரண்டும் திமிறுகின்றன. கூண்டின் அடியில் உப்புத்தாளை விரித்தால் நகம் தானாகத் தேயும் என்று முயல் விற்றவர் சொன்னார். அப்படிச் செய்யலாமா?

பதில்: திருமங்கலத்துக்காரர்

உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். நாய்க்கும் பூனைக்கும் இருப்பது போன்ற மெத்தென்ற பாதத் திண்டு முயலுக்குக் கிடையாது. அடர்ந்த உரோமமும் அதனடியில் மெல்லிய தோலும்தான் அதன் பாதம். சொரசொரப்பான தாளில் நாள் முழுதும் உட்கார்ந்தால், நகம் தேயுமுன் உரோமம் தேய்ந்து பின்னங்காலில் புண் வந்துவிடும், அது எளிதில் ஆறாது. போதாக்குறைக்கு, அந்தத் தாளையே கடித்துத் தின்றும் வைக்கும். கம்பி வலைத் தரையாலும் இதே கேடுதான்.

நகம் தேய்வதற்கு முயலுக்கே உரிய வழி, தோண்டுவது. நம் கண்மாய்க் கரைகளில் ஓடும் காட்டு முயல் வளை தோண்டாது, அது வேறு இனம். ஆனால் வீட்டு முயல்களின் மூதாதையான ஐரோப்பிய முயல் வளை தோண்டி வாழ்வது, அந்தக் குணம் இவற்றுக்கும் அப்படியே இருக்கிறது. ஏறி இறங்க வசதியான, உயரம் குறைந்த சிமெண்டுத் தொட்டி ஒன்றில் செம்மண்ணும் ஆற்று மணலும் கலந்து ஒரு சாண் ஆழத்துக்கு நிரப்பி, கொத்தமல்லித் தண்டை உள்ளே புதைத்து வையுங்கள். மற்றதை அவை பார்த்துக்கொள்ளும். உரமோ பூச்சிமருந்தோ படாத, தெருநாயும் பூனையும் அசுத்தம் செய்யாத மண்ணாக இருக்கட்டும். எங்கள் ஊர்க் கரிசலை எடுக்காதீர்கள், ஈரம் பட்டால் விரலிடுக்கில் அப்பிக்கொள்ளும். நான் ஒருமுறை அதை நிரப்பிவிட்டு இரண்டு நாள் முயலின் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

பதில்: ஒத்தக்கடை வாசகர்

முந்தைய பதிலோடு உடன்படுகிறேன், ஆனால் மண்தொட்டி வைத்துவிட்டால் நகவெட்டியே தேவைப்படாது என்று எண்ணிவிடக் கூடாது. முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நான்கு என முயலுக்கு மொத்தம் 18 நகங்கள். தோண்டும்போது பெரும்பாலும் தேய்வது முன்கால் நகங்களே. அவற்றிலும் உட்புறம் சற்று மேலே இருக்கும் ஐந்தாவது நகம் தரையில் படாததால் தேயாது, கவனிக்காமல் விட்டால் சுருண்டு தோலில் குத்தும். பின்கால்களுக்காக, தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் மட்டும் மெருகேற்றாத கல் பலகை ஒன்றைப் போடலாம். மற்ற இடங்களில் பாய் அல்லது வைக்கோல் இருக்க வேண்டும்.

ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது எல்லா நகங்களையும் பாருங்கள். ஒருவர் முயலை மடியில் வைத்து, பின்பாகத்தைத் தாங்கி அணைத்துப் பிடிக்க, மற்றவர் நுனியை மட்டும் வெட்ட வேண்டும். பிடி தளர்ந்து பலமாக உதைத்தால் முதுகெலும்பே முறியக்கூடும் என்பதால், மிகவும் திமிறினால் அன்றைக்கு விட்டுவிடுவது நல்லது; ஒரு நாளைக்கு ஒரு கால் என்றாலும் போதும். நகத்துக்குள் இளஞ்சிவப்பாகத் தெரியும் இரத்த நாளத்துக்கு முன்பே வெட்டை நிறுத்துங்கள். கறுப்பு நகமானால் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம். தவறி இரத்தம் வந்தால் சோளமாவை அப்பி, சில நிமிடங்கள் அழுத்திப் பிடியுங்கள். இப்போது வளைந்து கிடக்கும் நகங்களை முதல் முறை கால்நடை மருத்துவரிடமே வெட்டச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

திருநகர் வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. தொட்டியை மொட்டை மாடியில் வைக்கலாமா?

திருமங்கலத்துக்காரர்

சித்திரை, வைகாசியில் கூடாது. வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊரில், 30 டிகிரிக்கு மேல் போனாலே தவித்துப்போகும் பிராணியை மாடியில் விடுவது ஆபத்து. மாடிப்படிக்கு அடியில் நிழலும் காற்றும் இருந்தால் அங்கே வைத்து, மண்ணில் லேசாகத் தண்ணீர் தெளித்துவிடுங்கள்.