உப்பளத்துல வேலை பாக்குறவங்களுக்கு சோலார் ஃபேன் ஜாக்கெட், ஐடியா குடுங்க

வணக்கம் மக்களே, எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்சவங்க கொஞ்சம் உதவி பண்ணுங்க. எங்க சித்தி தூத்துக்குடி பக்கம் உப்பளத்துல வேலை பாக்குறாங்க, நிழலே கிடையாது, மேல வெயில் கீழ உப்புல பட்டு திரும்பி அடிக்கிற வெளிச்சம் வேற. அவங்களுக்காக ஒரு ஜாக்கெட் பண்ணிட்டு இருக்கேன், குனிஞ்சு வாரும்போது முதுகு தான் வெயிலுக்கு நேரா இருக்கும்னு பேனலை முதுகுல வச்சிருக்கேன். 6 வோல்ட் 3 வாட் வளையுற பேனல், ஃபேன் 5 வோல்ட்ல 2 வாட் இழுக்குது, 6 மணி நேரம் ஓடணும்னா 12 வாட் ஹவர், 2600 எம்ஏஹெச் 18650 செல் (ரீசார்ஜ் பண்ற லித்தியம் அயன் பேட்டரி) ஒண்ணுல 9.6 தான் இருக்கு, மீதி பேனல் தான் குடுக்கணும்.

பிரச்சனை சூடு. பேனல் 25 டிகிரிக்கு மேல போக போக டிகிரிக்கு 0.4 சதவீதம் மாதிரி பவர் குறையும், அது கூட பரவால்ல, லித்தியம் அயன் செல்லை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணவே கூடாது, அது உடம்போட ஒட்டி இருக்கப் போகுதுங்கறது தான் எனக்கு பயமே. அதனால சூட்டை இன்னும் கொஞ்சம் தாங்குற லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு மாறலாம்னு இருக்கேன், ஆனா டிபி4056 சார்ஜிங் போர்டு 4.2 வோல்ட் வரைக்கும் ஏத்தும், இந்த செல்லுக்கு 3.6 போதும். 3.6ல நிறுத்துற மாதிரி வைக்கக்கூடிய டிபி5000 சார்ஜிங் போர்டை யாராச்சும் சோலார்ல போட்டு பாத்தீங்களா? மேகம் வந்து போனா ஒழுங்கா வேலை செய்யுதா?

அப்புறம் உப்பு காத்துல கனெக்டர் எல்லாம் களிம்பு பிடிக்குது, துவைக்க கழட்டுற மாதிரியும் வேணும். எபாக்ஸி ஊத்துறதா சிலிகான் பூசுறதா? செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க அண்ணா அக்கா, போட்டோ இருந்தா இன்னும் நல்லது.