கபடி ஜெர்சிக்கு மிச்சத் துணியில் சுருக்குப்பை: அளவு, தையல் விவரம் வேணும்

மன்னார்குடி_தையல்:
பள்ளி அணிக்கு 12 சுருக்குப்பை தைக்கணும். ஒரு பையில் ஜெர்சி, ஷார்ட்ஸ், துண்டு, ஷூ அடங்கணும். கடையில் சேர்ந்த ரவிக்கை பிட், பேண்ட் பிட், காடா துணி, கொஞ்சம் ஜீன்ஸ் இருக்கு. என்ன அளவில் வெட்டலாம்? இந்த மாதிரிப் பைகளில் நாடா பாதியில் சிக்குவதும் அடி மூலை கிழிவதும் எதனால்?

குடந்தை ஊசிநூல்:
15 இஞ்ச் அகலம், 38 இஞ்ச் நீளத்தில் ஒரே துண்டு. பாதியாக மடித்தால் அடியில் தையலே வராது, அங்கே பிரியவும் பிரியாது. 1 மீட்டர் ரவிக்கை பிட்டில் இரண்டு பை கிடைக்கும். 80 செ.மீ. பிட் என்றால் 15க்கு 19½ அளவில் இரண்டு துண்டு வெட்டி அடியில் இணைக்கணும். அதில் ஒரு பைதான்.

வெட்டும் முன் துணியை நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்க. காடா நன்றாகவே சுருங்கும், தைத்த பிறகு சுருங்கினால் வாய் கோணிப்போகும்.

பக்கத் தையலுக்கு நல்ல பக்கம் வெளியே இருக்க 2 நூல் (ஒரு நூல் என்றால் 1/8 இஞ்ச்) விட்டு ஒரு தையல். ஓரத்தை 1 நூலாக நறுக்கித் திருப்பி, உள்பக்கமாக 3 நூலில் இன்னொன்று. பிசிறு உள்ளே மறைந்துவிடும், ஓவர்லாக் தேவையில்லை. மேலே 2½ இஞ்ச் தைக்காமல் இரண்டு பக்கமும் விடணும். நாடா சிக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இடம்தான்: திறப்பின் ஓரத்தை மடித்துத் தைக்காவிட்டால் பிசிறு நாடாவைப் பிடிக்கும். அதை முடித்த பிறகே வாயை அரை இஞ்ச், அடுத்து 1 இஞ்ச் மடித்து, மடிப்பின் கீழோரத்தில் தையுங்க. திறப்பு முடியும் இடத்தில் முன்பின் மூன்று முறை ஓட்டணும், இழுவை முழுக்க அங்கேதான் விழும்.

நாடாவை விட 4 மி.மீ. நைலான் கயிறு நல்லது. தட்டை நாடா உள்ளே முறுக்கிக்கொள்ளும். பைக்கு 38 இஞ்சில் இரண்டு கயிறு, எதிரெதிர்த் திறப்பில் ஊக்கு குத்தி நுழைத்து, நுனியை மெழுகுவர்த்தியில் காட்டி முடிச்சுப் போடுங்க. 12 பைக்கு 25 மீட்டர் வாங்கினால் போதும்.

தஞ்சை பிட்துணி:
அக்கா சொன்ன அளவு சரி. ஆனால் ஜீன்ஸில் அந்த இரட்டைத் தையல் வேண்டாம். மடிப்பு தடித்து ஊசி ஒடியும். சாதாரணமாகத் தைத்து ஓரத்துக்குப் பட்டை கட்டுங்க. ரவிக்கைத் துணிக்கு 14ஆம் நம்பர் ஊசி, ஜீன்ஸுக்கு 16.

மூலை கிழிவது ஷூ உரசுவதால். 15க்கு 10 இஞ்சில் பேண்ட் பிட் வெட்டி, பெரிய துண்டின் நடுவில், அடி மடிப்பு வரும் இடத்தில் வைத்து நான்கு ஓரமும் தைத்துவிடுங்க. பக்கத் தையலுக்கு முன்பே செய்யணும், பிறகு கை போகாது. ஜெர்சி நம்பர் ஒட்டும் வெள்ளைத் துண்டும் அப்போதே.

பட்டு ரவிக்கை மிச்சம் இருந்தால் இதில் சேர்க்காதீங்க. ஜரிகை இழுபடும், வியர்வையும் தாங்காது.

வலங்கைமான்_நெட்:
வியர்த்த துணிக்குக் காற்றோட்டம் கட்டாயம் வேணும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாலியெஸ்டர் ஜெர்சியை மூடிய பையில் ஓர் இரவு வைத்தாலே நாற்றம் பிடிக்கும். காடாவில் ரெண்டு நாளில் கரும்புள்ளி விழும், அது துவைத்தாலும் முழுசாகப் போகாது. ஒரு பக்கத்தின் மேல் பாதியில் கொசுவலைத் துணி வையுங்க. வலையை நேராகத் தைத்தால் கண்ணி அறுந்துவிடும். துணிக்கும் அரை இஞ்ச் பட்டைக்கும் நடுவில் செருகி, தையல் நீளம் 3 மி.மீ. வைத்து ஓட்டணும்.

மன்னார்குடி_தையல்:
நன்றி அக்கா, எல்லாருக்கும். சிவப்பு பிட் சாயம் விடுமா என்று எப்படிப் பார்ப்பது? உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் நிற்குமா?

குடந்தை ஊசிநூல்:
உப்பு போட்டால் நிற்காது, அது ஊரில் பரவிய நம்பிக்கை. ஈர வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பாருங்க. நிறம் ஒட்டினால் தண்ணீர் தெளியும்வரை தனியாக அலசணும். அப்படியும் விட்டால் அந்தப் பிட்டை ஷூவுக்கு மட்டும் தனிப்பையாகத் தைத்துவிடுங்க, வெள்ளை ஜெர்சிப் பக்கம் வர வேண்டாம்.