பாதி வழியில் அணைந்த சைக்கிள் விளக்கு: குடும்பக் குழுவில் ஓர் உரையாடல்

நான்: வீட்டில் நானே செய்த சைக்கிள் விளக்கு நேற்று இரவு பாதி வழியில் சட்டென்று அணைந்துவிட்டது. முன்கூட்டி மங்கவும் இல்லை, சிமிட்டவும் இல்லை. இறக்கத்தில் வந்துகொண்டிருந்ததால், கண் இருட்டுக்குப் பழகும் வரை சாலையின் ஓரம்கூடத் தெரியவில்லை. மூன்று எல்இடிகளைத் தொடராக இணைத்து, பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த நான்கு லித்தியம் செல்களால் இயக்குகிறேன். என் கணக்குப்படி மூன்று மணி நேரம் எரிந்திருக்க வேண்டும், ஆனால் ஒன்றேகால் மணி நேரம்தான் எரிந்தது. சித்தப்பா, நேரம் கிடைக்கும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

தங்கை: அண்ணாவுக்குப் பின்னால்தான் நான் வந்துகொண்டிருந்தேன். என் சிறிய விளக்கை முன்னால் விட்டு, இருவரும் மெதுவாக வீடு வந்து சேர்ந்தோம்.

சித்தப்பா: இருவருக்கும் அடி ஏதும் படவில்லை என்பதே பெரிய நிம்மதி. பேட்டரியை இப்போது சார்ஜில் போடாதே. அணைந்த நிலையிலேயே ஒவ்வொரு செல்லின் மின்னழுத்தத்தையும் மல்டிமீட்டரால் தனித்தனியாக அளந்து இங்கே எழுது.

நான்: 3.71, 3.68, 3.73, 3.02.

சித்தப்பா: காரணம் அந்த நான்காவது செல்தான். தொடர் இணைப்பில் நான்கின் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் ஓடும் என்பதால், கொள்ளளவு குறைந்துபோன கிழட்டுச் செல் முதலில் காலியாகிவிடுகிறது. நீ பொருத்தியிருக்கும் பாதுகாப்புப் பலகை ஒவ்வொரு செல்லையும் கண்காணித்து, ஏதாவது ஒன்று ஏறக்குறைய 2.5 வோல்ட்டுக்கு இறங்கியதும் மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும். மற்ற மூன்றிலும் இன்னும் நிறைய மின்சாரம் மிச்சம் இருந்தாலும் அதற்குக் கவலை இல்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டலாம் என்று மட்டும் எண்ணாதே, ஏனெனில் காலியான செல்லின் வழியே மேலும் மின்னோட்டத்தை இழுத்தால் அதன் துருவங்கள் தலைகீழாகிவிடும், அதன்பின் அதைச் சார்ஜ் செய்வது தீயோடு விளையாடுவதாகும்.

தங்கை: அப்படியானால் நல்ல மூன்று செல்களை மட்டும் வைத்து ஓட்ட முடியாதா, சித்தப்பா?

சித்தப்பா: எரியும், ஆனால் கடைசி வரை ஒரே சீராக எரியாது. மூன்று எல்இடிகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 9 வோல்ட் வேண்டும். அண்ணன் வைத்திருக்கும் டிரைவர், அதாவது எல்இடிகளுக்குச் சீரான மின்னோட்டம் தரும் சுற்று, மின்னழுத்தத்தை இறக்கிக் கொடுக்கும் வகை என்பதால், அதற்கு உள்ளே வரும் மின்னழுத்தம் 9 வோல்ட்டைவிடச் சற்று அதிகமாக இருந்தாக வேண்டும். மூன்று செல்கள் நிறைந்திருக்கும்போது 12.6 வோல்ட் கொடுத்தாலும், தீரும் தறுவாயில் 9 வோல்ட்டுக்கு வந்துவிடும், அப்போது டிரைவரால் எல்இடிகளுக்கு வேண்டிய 1 ஆம்பியரைப் பிடித்து நிறுத்த முடியாது. அதைவிட முக்கியமானது, வெவ்வேறு மடிக்கணினிகளில் வெவ்வேறு காலம் உழைத்த செல்களை ஒன்றாகக் கோத்தால், இன்று ஒன்று செய்ததை நாளை இன்னொன்று செய்யும்.

நான்: ஒரே தயாரிப்பில், ஒரே சமயத்தில் வாங்கிய நான்கு புதிய செல்களைப் போடுகிறேன். கணக்கைச் சரிபார்த்துக் கொடுங்கள். 3.6 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி செல்கள் நான்கு என்றால் 36 வாட்-மணி ஆற்றல் கிடைக்கும்.

சித்தப்பா: சரி. எல்இடிகளுக்கு 9 வாட், டிரைவரில் வீணாவதைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 10 வாட். 36-ஐ 10-ஆல் வகுத்தால் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். குளிரிலும் வயதாக ஆகவும் கொள்ளளவு குறையும் என்பதால் மூன்று மணி என்றே வைத்துக்கொள். ஆனால் எனக்கு ஒரு கேள்வி: ஏறக்குறைய 1000 லூமென் முழு வெளிச்சத்தை எல்லா நேரமும் ஏன் எரிக்கிறாய்? மேட்டில் மெதுவாக ஏறும்போது பாதி மின்னோட்டத்தில் வைத்துப் பார். நம் கண் வெளிச்சத்தைக் கூட்டல் கணக்கில் பார்ப்பதில்லை என்பதால், பாதியாக்கியது சிறு வித்தியாசமாகத்தான் தெரியும். மின்னோட்டம் குறையக் குறைய எல்இடி குளிர்ந்து, அதே வாட்டுக்கு அதிக ஒளியும் தரும். பேட்டரியோ இரு மடங்குக்கும் மேல் தாங்கும். எத்தனை செல்களைக் கூடுதலாகச் சுமந்தாலும் இவ்வளவு எளிதாக நேரத்தை நீட்ட முடியாது.

அத்தை: தம்பி, இவன் அந்த பேட்டரியைப் படுக்கைக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குகிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்.

சித்தப்பா: கட்டாயம் சொல்கிறேன், அக்கா. இதைக் கேட்டதும் எனக்கே பதறுகிறது. வீட்டில் கோத்த லித்தியம் பேட்டரியை, விழித்திருக்கும் நேரத்தில், துணியோ காகிதமோ அருகில் இல்லாத வெறும் தரையில் வைத்துத்தான் சார்ஜ் செய்ய வேண்டும். நான்கு செல் தொடருக்கென்றே செய்த, 16.8 வோல்ட்டில் நிறுத்திக்கொள்ளும் சார்ஜரைத் தவிர வேறு எதையும் இணைக்கக் கூடாது. உப்பியதோ நசுங்கியதோ ஆன செல்லை ஒருமுறைகூடப் பயன்படுத்தாதே. குப்பையிலும் போடாமல், மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடு.

சித்தப்பா: இன்னொன்றும் உண்டு. பேட்டரியின் நேர்முனையிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் 2 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று வை. விளக்குக்கு 0.7 ஆம்பியர்தான் ஓடுகிறது, எனவே வழக்கமான ஓட்டத்தில் அது எரியாது. ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் வயர் உரசி உரசி உறை கிழிந்து இரும்பில் பட்டால், அந்த ஃபியூஸ்தான் உன்னைக் காப்பாற்றும்.

அப்பா: தம்பி, இவ்வளவு பாடுபடுவதற்குப் பதிலாகக் கைபேசிக்கு வைத்திருக்கும் பவர்பேங்கையே மாட்டினால் ஆகாதா?

சித்தப்பா: நல்ல யோசனைதான், அண்ணா. 10000 மில்லி ஆம்பியர்-மணி என்று அதன் மேல் போட்டிருப்பது உள்ளிருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட்-மணி, இவன் கட்டப்போகும் பேட்டரிக்குச் சமம். பாதுகாப்பும் சார்ஜ் செய்யும் சுற்றும் உள்ளேயே இருப்பதால், சாலிடரிங்கில் கை பழகாதவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன். 5 வோல்ட்டை 9 வோல்ட்டாக உயர்த்தும் டிரைவர் ஒன்று தனியாக வேண்டும். பல பவர்பேங்குகள் 10 வாட்டில் தம் எல்லையைத் தொட்டுவிடும் என்பதால், 7 வாட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

தங்கை: நான் தினமும் ஒரே பாதையில் போய்வருகிறேன். எனக்கு டைனமோ போதுமா?

சித்தப்பா: உனக்கு அதுவே சிறந்தது. சக்கர அச்சில் பொருத்தும் டைனமோவின் அளவு 6 வோல்ட், 3 வாட். வேகம் கூடினாலும் மின்னோட்டம் அரை ஆம்பியரைத் தாண்டி அதிகம் ஏறாது என்பதால், நேர்மின்னோட்டமாக மாற்றும் சுற்று ஒன்றை வைத்து இரண்டு எல்இடிகளைத் தொடராக இணைத்துவிடலாம். நிற்கும்போது உடனே அணையாமல் இருக்க ஒரு பெரிய மின்தேக்கியையும் சேர்த்துக்கொள். சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற கவலை உனக்கு எந்த இரவிலும் இருக்காது.

நான் (எட்டு நாள் கழித்து): புதிய பேட்டரியைக் கட்டி, மின்விசிறிக் காற்றில் வைத்து எரிய விட்டேன். முழு வெளிச்சத்தில் 3 மணி 25 நிமிடம் எரிந்தது. துண்டித்தபின் நான்கு செல்களையும் அளந்தேன். அவற்றுக்குள் வேறுபாடு 0.04 வோல்ட்தான். ஃபியூஸ் வைத்துவிட்டேன், அத்தை. இனிச் சார்ஜர் கூடத்துத் தரையில்தான் இருக்கும். தனி பேட்டரியில் எரியும் சிறிய விளக்கு ஒன்றையும் ஹேண்டில்பாரில் மாட்டியிருக்கிறேன்.

தங்கை: அண்ணா, நேற்று எதிரே வந்தவர் கையால் கண்ணை மறைத்துக்கொண்டதைக் கவனித்தாயா? இன்று கிளம்புவதற்கு முன் விளக்கை இன்னும் கொஞ்சம் கீழே சாய்த்துவிடு. நான் எதிரே நின்று பார்த்துச் சொல்கிறேன்.