ஸ்ட்ரோக் ஸ்கேனைப் பாத்து "நடப்பாரா மாட்டாரா"ன்னு கம்ப்யூட்டர் சொல்ற கணிப்பு: நீங்க பாத்ததை எழுதுங்க

தஞ்சாவூர்ப் பொண்ணு:

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன். நான் நெதர்லாந்துல மெடிக்கல் இமேஜிங் படிச்சவ. மாஸ்டர்ஸ் ப்ராஜெக்ட்டே இதுதான், ஸ்ட்ரோக் வந்தவங்களோட சிடி ஸ்கேனை டீப் லேர்னிங் மாடலுக்கு (நிறைய பழைய ஸ்கேனைப் பாத்துத் தானா கத்துக்கற ப்ரோக்ராம்) குடுத்து 90 நாள் கழிச்சு அவங்க எப்படி இருப்பாங்கன்னு கணிக்கணும். எப்படி இருப்பாங்கங்கறதுக்கு மாடிஃபைட் ரேங்கின் ஸ்கேல்னு ஒரு அளவு வச்சிருக்காங்க. 0-ன்னா ஒரு தொந்தரவும் இல்ல, 2 வரைக்கும்னா தன் வேலையைத் தானே பாத்துப்பாங்க, 3-ன்னா ஒத்தாசை வேணும் ஆனா யாரும் பிடிக்காம நடப்பாங்க, 5-ன்னா படுக்கை, 6-ன்னா இறந்துட்டாங்க. எங்க மாடல் சொல்ல வேண்டியது, இவர் 2-க்குள்ள வருவாரா மாட்டாரா, அதுக்கு எவ்ளோ வாய்ப்புங்கற ஒரே ஒரு நம்பர்.

ப்ராஜெக்ட் பாதில இருக்கும்போது எங்க அப்பாவுக்கே வந்துடுச்சு. காலைல பல் தேய்க்கப் போனவர் கைல இருந்து சொம்பு விழுந்த சத்தம் கேட்டு அம்மா ஓடிப் பாத்தா வாய் ஒரு பக்கம் கோணியிருக்கு, வலது கை தொங்குது, பேச்சு குழறுது. வெந்நீர் குடுத்துப் பாத்து, தைலம் தேச்சு, பக்கத்துல ஒரு கிளினிக் போயி, அங்க ஸ்கேன் இல்லன்னு அனுப்பி, கடைசில ஸ்கேன் மெஷினுக்குள்ள அவர் படுக்கும்போது ஏழு மணி நேரம் ஆயிருச்சு. மூளைக்குப் போற குழாயை அடைச்ச ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை வழக்கமா நாலரை மணி நேரத்துக்குள்ள போட்டாகணும், அது போச்சு. ரத்தக்குழாய்க்குள்ள கம்பி விட்டுக் கட்டியை எடுக்கற வசதியும் அங்க இல்ல.

தம்பி அந்த ஃபிலிமை ஜன்னல்ல புடிச்சு ஃபோட்டோ எடுத்து வாட்ஸப்புல அனுப்பினான். ஃபிலிம்ல அவன் கட்டைவிரல் நிழல் விழுந்திருந்துச்சு, பின்னாடி தென்னை மரம் தெரிஞ்சுது. கீழ ஒரு வரி: "அக்கா உன் கம்ப்யூட்டர்ல போட்டுப் பாரேன், அப்பா நடப்பாரான்னு சொல்லும்ல?"

ஃபோட்டோவை எல்லாம் அந்த மாடல் வாங்காது. அதுக்கு டைகாம் ஃபைல், அதாவது மெஷின்ல இருந்து வர்ற அசல் ஃபைல் வேணும், ஒவ்வொரு புள்ளியும் எவ்ளோ அடர்த்தின்னு சொல்ற ஹவுன்ஸ்ஃபீல்டு எண் வேணும், அடிபட்ட மூளைக்கும் நல்ல மூளைக்கும் ஆரம்பத்துல அந்த எண்ல கொஞ்சூண்டுதான் வித்தியாசம் இருக்கும், ஃபோட்டோ எடுத்தா அது அழிஞ்சே போயிடும். ரெண்டு நாள் கழிச்சு அந்த ஃபைல் இருக்கற டிஸ்க்கை ஆஸ்பத்திரில வாங்கி அப்லோட் பண்ணி விட்டான். நான் ஓட்டினேன். ஓட்டியிருக்கக் கூடாது, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு தனியா உக்காந்திருந்தேன், ஓட்டிட்டேன். 19 சதவீதம்னு வந்துச்சு. கை நடுங்கிருச்சு. அப்பறம்தான் கவனிச்சேன், ஊர்ல எடுத்த ஸ்கேன்ல ஸ்லைஸ் ஒவ்வொண்ணும் 5 மில்லிமீட்டர் தடிமன், எங்க டேட்டால எல்லாம் ரொம்ப மெல்லிசு. அதை வேற விதமா சரிபண்ணி மறுபடி ஓட்டினா 34. அதே அப்பா, அதே ஸ்கேன், ஒரு செட்டிங் மாத்தினதுக்கு 15 பாயின்ட் ஏறுது.

அதைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. எங்க மாடல் படிச்ச ஆட்கள் அத்தனை பேரும் கம்பி விட்டுக் கட்டியை எடுத்தவங்க. நெதர்லாந்துல 2014-ல இருந்து எம்ஆர் கிளீன் ரெஜிஸ்ட்ரின்னு நாடு பூரா அந்த சிகிச்சை எடுத்தவங்களை எல்லாம் பதிஞ்சு வச்சிருக்காங்க, அந்த மாதிரி ஆட்கள்தான். 2019-ல அந்த ரெஜிஸ்ட்ரியில 1301 பேரோட சிடி ஆஞ்சியோவை (ரத்தக்குழாயைக் காட்டற சிடி) வச்சு ஒரு டீப் லேர்னிங் ஆய்வு வந்துச்சு, ஏயூசி 0.71. நல்லா ஆன ஒருத்தரையும் ஆகாத ஒருத்தரையும் சேத்துக் குடுத்தா நூத்துக்கு 71 தடவை யார் யாருன்னு சரியா சொல்லும், நாணயம் சுண்டினா 50 தடவை சரியா வரும். இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா எங்க டேட்டால அப்பா மாதிரி கட்டி எடுக்காம விட்ட ஒருத்தர்கூட இல்லங்கறது அந்த ராத்திரிதான் எனக்கு உறைச்சுது. தெரியாத ஆளைக் குடுத்தாலும் அது "தெரியல"ன்னு சொல்லாது, ஒரு நம்பரைக் குடுத்துடும்.

வீட்ல நான் அந்த நம்பரைச் சொல்லல. உங்க யாருக்காவது இந்த மாதிரி நடந்திருக்கா?

கோவை சிடி ரூம்:

நானுங்க 14 வருசமா சிடி டெக்னீஷியனா இருக்கறனுங்க. கணிக்கிற சாஃப்ட்வேர் எங்ககிட்ட இல்லீங்க, கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர்தான் போட்டிருக்காங்க. ரெண்டும் வேற வேறங்க, நிறைய பேரு குழப்பிக்கறாங்க. இருக்கற ரத்தக்கசிவைக் காட்டறது ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு வரப்போறதைச் சொல்றது இன்னொண்ணு. முதல் விசயத்துல நம்ம நாட்டு வேலை பெருசுங்க, மும்பை க்யூர் ஏஐ கம்பெனி ஆளுங்க 20 சென்டர் போல இருந்து 3,13,318 தலை ஸ்கேன் சேத்து மாடல் பண்ணி 2018-ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல போட்டாங்க, அது எங்க ஃபீல்டுல எல்லாத்துக்கும் தெரியும்.

எங்கூர்ல நான் பாத்ததைச் சொல்றனுங்க. ஒரு நாள் விடியக்காலம் மூணு மணி, 108-ல ஒருத்தரைக் கொண்டாந்தாங்க, ரேடியாலஜி டாக்டர் வீட்ல இருக்காரு, படம் முடிஞ்ச கொஞ்ச நேரத்துல ஸ்க்ரீன்ல சிவப்புக் கொடி விழுந்துருச்சுங்க. டூட்டி டாக்டர் சின்னப் பையன், அதைப் பாத்துட்டு உடனே ஃபோன் போட்டாரு. ரத்தக்கசிவு இருக்கறவங்களுக்குத் தெரியாம கரைக்கற ஊசி போட்டா ஆளு போயிருவாங்க, அதனால அந்தக் கொடி எங்களுக்கு சாமி மாதிரிங்க. அதே சாஃப்ட்வேர் இன்னொரு நாளு ஒரு வயசான பாட்டிக்கு மூளைக்குள்ள சுண்ணாம்பு படிஞ்சிருந்ததை ரத்தம்னு சொல்லிருச்சு, அதுவும் வெள்ளையா தெரியறது தானுங்க. அப்பறம், ஸ்ட்ரோக் வந்தவங்க தலையை அசைக்காம படுக்க மாட்டாங்க, பாதிப் படம் கலங்கித்தான் வரும். ஆராய்ச்சில கலங்கின படத்தை எல்லாம் தூக்கிப்போட்டுருவாங்கன்னு கேள்விப்பட்டனுங்க, எங்ககிட்ட தூக்கிப்போட வழியில்லீங்க.

மதுரை பிசியோ:

தங்கச்சி, அப்பா கதையைப் படிச்சுட்டு கண்ணு கலங்கிருச்சு. நான் பிசியோதெரபிஸ்ட், ஸ்கேன் எங்க கைக்கு கடைசிலதான் வரும், ஆளுதான் முதல்ல வருவாக.

நியூசிலாந்து ஆக்லாந்துல கேத்தி ஸ்டினியர்னு ஒரு அம்மா பிரெப்2-ன்னு ஒரு முறை கொண்டுவந்தாக, கை எவ்வளவு திரும்பும்னு கணிக்கிறதுக்கு. முதல் மூணு நாளுக்குள்ள ரெண்டே ரெண்டு அசைவு பாக்கணும். தோள்ல இருந்து கையைப் பக்கவாட்டுல தூக்கச் சொல்லணும், மடங்கின விரலை நீட்டச் சொல்லணும். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு மார்க்கு. கூட்டினா அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்து வயசும் 80-க்குள்ளன்னா கை பெரும்பாலும் நல்லாவே திரும்பும். அதுக்குக் கீழ இருந்தா மட்டும் தலைல காந்தத் தூண்டல் குடுத்து மூளைல இருந்து கைக்கு வழி உயிரோட இருக்கான்னு பாப்பாக. மொத்தத்துல நாலுல மூணு பேருக்கு சரியா சொல்லிருது. எம்ஆர்ஐ இல்லாமலே!

எங்கிட்ட வந்த ஒரு ஆட்டோ அண்ணன், ஸ்கேன்ல பெரிய அடி, வீட்டம்மாகிட்ட "கை வராது"ன்னு யாரோ சொல்லி அனுப்பிட்டாக. நான் நாலாம் நாள் போய் உள்ளங்கைல என் பேனாவை வச்சேன், பேனாவை விடுங்கண்ணேன்னு சொன்னா நடுவிரல் லேசா, நெல்லு மொளைக்கிற மாதிரி, நிமிந்துச்சு. அதைப் பாத்த பெறகு யார் என்ன சொன்னா என்ன, தினம் ரெண்டு வேளை வேலை வாங்குனேன். அஞ்சு மாசத்துல சட்டை பட்டன் போட்டுட்டாரு. எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் அந்த விரல் விவரத்தையும் சேத்துக் குடுங்கப்பா, வெறும் படத்தை மட்டும் குடுக்காதீக.

வடமராட்சி - லண்டன்:

நான் லண்டனில இருக்கிறன். என்ர மனுசனுக்கு ஆறு வருசத்துக்கு முன்னம் இடப்பக்க மூளையில ஸ்ட்ரோக் வந்தது. கை கால் தப்பிட்டுது, கதைதான் போட்டுது. தண்ணி எண்டு சொல்ல வெளிக்கிட்டா கதவு எண்டு வரும், பிழை எண்டு அவருக்கே விளங்கும், சுவர்ப்பக்கம் திரும்பிடுவார். சரியான கஷ்டப்பட்டனாங்கள்.

இஞ்ச யூசிஎல் பல்கலைக்கழகத்தில பேராசிரியர் கேத்தி பிரைஸ் நடத்துற பிளோராஸ் எண்டு ஒரு ஆராய்ச்சி இருக்கு, ஸ்ட்ரோக் வந்தவையின்ர எம்ஆர்ஐயும் அவை எப்பிடிக் கதைக்கினம் எண்டதையும் சேர்த்து வைக்கினம். அதில இருந்து 758 பேரை எடுத்து டீப் லேர்னிங் செய்து பார்த்தவை, ஆள் ஒரு படத்தைப் பார்த்து விவரிக்க ஏலுமா ஏலாதா எண்டதுதான் கேள்வி. காயத்தின்ர அளவை மட்டும் வச்சுச் சொன்னா 67.8 வீதம் சரியாம். துவக்கத்தில எவ்வளவு மோசம் எண்டதைச் சேர்த்தா 75.7. ஸ்ட்ரோக் வந்து எவ்வளவு காலம் எண்டதையும் சேர்த்தா 81.3. பிறகு மூளைப் படத்தில முக்கியமான எட்டு இடங்களையும் சேர்த்துக் குடுத்தாத்தான் 85.4-க்கு வந்தது. மகள்தான் இருந்து வாசிச்சு விளங்கப்படுத்தினவள். எனக்கு அதில பிடிச்சது அந்தக் "காலம்" எண்ட விசயம். மூண்டாம் மாசம் எங்களுக்கு "இனி பெரிசா மாறாது" எண்டு ஒருத்தர் சொன்னவர், நான் அண்டைக்கு பஸ்ஸில அழுதுகொண்டு வந்தனான்.

அந்த 758 பேரும் இங்கிலீஸ் கதைக்கிற ஆக்கள். என்ர மனுசனுக்கு இங்கிலீஸ் இண்டைக்கும் இழுபடும், தமிழ் வந்திட்டுது. தெரபிஸ்ட் இங்கிலீசில படம் காட்டுவா, நான் வீட்டில வந்து அதே படத்தை வச்சு தமிழில கேப்பன், பூனை, குடை, கிணறு எண்டு. போன மாசம் பேரனுக்கு பனங்காய் பொறுக்கப் போன கதையை முழுக்கச் சொன்னவர், நடுவில ரெண்டு சொல்லுத்தான் முட்டினது. எங்கட ஆக்களின்ர கதையை அளக்கிற டேட்டாவை ஆராவது படிக்கிற பிள்ளையள் சேர்க்கவேணும் எண்டு கேட்டுக்கொள்ளுறன்.

நியூரோ பிஜி:

தஞ்சாவூர் அக்கா, அந்த நம்பரை வீட்ல சொல்லாம விட்டீங்களே, நல்ல காரியம். நான் வார்டுல இருந்து ஒரு விஷயம் சொல்லணும். மூளைல ரத்தக்கசிவு வந்தவங்க விஷயத்துல 2001-லயே இதைப் பத்தி எழுதிட்டாங்க. "இவர் பிழைக்க மாட்டார்"னு முதல் நாளே முடிவு பண்ணி வென்டிலேட்டரை எடுத்துட்டா அவர் கண்டிப்பா இறந்துதான் போவார், அப்ப நம்ம கணிப்பு சரின்னு கணக்காயிடும். அந்தக் கணக்கைத்தான் அடுத்த மாடலுக்குப் பாடமா குடுக்கறோம். அதனாலதான் அமெரிக்க வழிகாட்டுதல்ல, முன்னாடியே அப்படி விருப்பம் சொல்லாதவங்களுக்கு ரெண்டாவது முழு நாளாவது ஆகற வரைக்கும் "உயிர்காக்கும் முயற்சி வேண்டாம்"ங்கற முடிவைத் தள்ளிப்போடச் சொல்றாங்க.

இன்னொண்ணு, சிகிச்சையே மாறிடுது. ஆஸ்பெக்ட்ஸ்னு சிடிக்கு 10 மார்க் போடுவோம், அடிபட்ட ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மார்க் குறைப்போம். 3, 4, 5 எடுத்தவங்களை பெரிய அடி, கட்டி எடுத்தும் பிரயோஜனம் இல்லன்னு பல இடத்துல விட்டுட்டிருந்தாங்க. 2022-ல ஜப்பான் ஆய்வு வந்துச்சு, அந்த மாதிரி ஆட்களுக்கே கட்டியை எடுத்துப் பாத்ததுல 90 நாள்ல தானா நடக்கற நிலை வரைக்கும் வந்தவங்க 31 சதவீதம், எடுக்காதவங்கள்ல 12.7 தான். அடுத்த வருஷமே சீனாவுல ஒண்ணு, அமெரிக்காவுல தொடங்கி பல நாட்டுல நடந்த செலக்ட்2 ஒண்ணு, ரெண்டும் அதையே சொல்லுச்சு. 2020 வரைக்கும் உள்ள டேட்டால படிச்ச மாடலுக்கு இது எப்படித் தெரியும்? போன மாசம் ஒரு பெரியம்மா, ஆஸ்பெக்ட்ஸ் 4, நாங்க எடுத்தோம். வாக்கர் புடிச்சுட்டு ரிவ்யூக்கு வந்தாங்க, என் கன்னத்தை வழிச்சு திருஷ்டி கழிச்சுட்டுப் போனாங்க.

புதுசா சேந்தவர்:

எல்லாருக்கும் வணக்கம், அம்மாவுக்குப் போன வெள்ளிக்கிழமை வந்துச்சு, இடது பக்கம் விழுந்துருச்சு, ஸ்கேன் என்கிட்ட இருக்கு, எந்த ஆப்ல போட்டா சொல்லும்னு யாராவது சொல்லுங்க ப்ளீஸ். தூக்கமே வரல.

தஞ்சாவூர்ப் பொண்ணு:

அண்ணா, கண்ட ஆப்ல போடாதீங்க, அம்மா பேரும் வயசும் ஸ்கேனுக்குள்ளயே எழுதியிருக்கும், அது எங்க போகும்னு நமக்குத் தெரியாது, வர்ற நம்பரும் உங்க தூக்கத்தைத்தான் கெடுக்கும், எனக்குக் கெடுத்துச்சு. டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க, அடைப்பா கசிவா, முழுங்கறது சரியா இருக்கான்னு பாத்தாச்சா (அதைப் பாக்காம வாய்ல கஞ்சிகூட ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும்), பிசியோ எப்ப ஆரம்பிப்பாங்க, எதனால வந்துச்சுன்னு பாக்க இதயத்துடிப்பை கவனிக்கறாங்களா. யாராவது சதவீதம் சொன்னா, அது எந்த மாதிரி ஆட்களை வச்சு சொன்னது, எங்க அம்மாவுக்கு நடக்கற சிகிச்சை அவங்களுக்கும் நடந்துச்சான்னு தயங்காம கேளுங்க. இதையே ஒரு வாரம் கழிச்சு மறுபடியும் கேளுங்க, பதில் மாறலாம்.

எங்க அப்பா இப்ப ஒண்ணரை வருஷம். குச்சி வச்சு வாசல் வரைக்கும் போறார், வலது கை முழுசா வரல. நேத்து வீடியோ கால்ல அதே சொம்பை வலது கையால தூக்கிக் காட்டினார், பாதித் தண்ணி வேட்டில கொட்டிடுச்சு, அம்மா திட்டினாங்க, அவர் மறுபடி ரொப்பிட்டு வரச்சொன்னார்.

அம்மாவுக்கு விரல் ஏதாவது அசையுதாண்ணா? மதுரை அண்ணன் சொன்ன மாதிரி இடது கைல ஒரு பேனா வச்சுப் பாத்துட்டு வந்து எழுதுங்க, நான் முழிச்சுட்டுதான் இருக்கேன்.