சண்டை விமானத்தை நேரில் கண்ட அனுபவங்கள்

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவையொட்டி 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சியை, காலை எட்டு மணிக்கே போய் மணலில் இடம்பிடித்துப் பார்த்தவன் நான். 72 விமானங்கள் பங்கேற்றதாகச் சொன்னார்கள். வெயிலில் பாதி மறந்துவிட்டது. நினைவில் தங்கியது ஒரே காட்சிதான். கடலுக்கு மேலே செங்குத்தாக ஏறிய இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று (ரஃபேலா, சுகோயா என்று பிரித்தறியும் அளவுக்கு எனக்கு அன்று விவரம் போதாது) உச்சியில் புரண்டபோது, வாலுக்குப் பின்னால் வரிசையாகத் தீப்பந்துகளை உதிர்த்தது. நண்பகல் வெளிச்சத்திலும் கண் கூசும்படி எரிந்த அவை சில நொடிகளில் அணைந்துபோக, வெண்புகைக் கோடுகள் மட்டும் வெகுநேரம் மிதந்தன. அருகிலிருந்த பெரியவர் அவற்றைக் குண்டு என்றார். என் மகள் வாணவேடிக்கை என்றாள். இரண்டும் இல்லை என்று மட்டும் எனக்குத் தோன்றியது. விமானப்படையில் பணியாற்றியவர்கள் யாரேனும் இருந்தால் விளக்க வேண்டுகிறேன்.

திருச்சியிலிருந்து, விமானப்படையில் ஆயுதப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்:

தம்பி, அதற்கு ஃபிளேர் என்று பெயர். மக்னீசியம் கலந்த அந்த உருண்டை, எஞ்சினை நோக்கி வரும் ஏவுகணையின் கண்ணுக்கு, அதாவது வெப்பத்தை உணரும் அதன் முனைக் கருவிக்கு, எஞ்சினைவிடப் பெரிய வெப்பமாகத் தெரிவதற்காகவே எரிகிறது. ஏவுகணை அதன் பின்னால் போய்விட்டால் விமானி தப்பினார். ஆனால் இந்த ஏமாற்று வேலை பழைய ஏவுகணைகளிடம் பலித்த அளவுக்குப் புதியவற்றிடம் பலிப்பதில்லை. ரஃபேலில் பூட்டப்படும் மைக்கா ஏவுகணையின் அகச்சிவப்பு வகையைப் போன்றவை வெறும் வெப்பப் புள்ளியைத் தேடாமல், இலக்கின் வெப்பப் படத்தையே பார்க்கின்றன. படம் பார்க்கும் கண்ணுக்கு விமானம் விமானமாகவும் தீப்பந்து தீப்பந்தாகவும் தெரியும்.

அந்தக் கண்ணை நான் பலநூறு முறை கைக்கெட்டும் தூரத்தில் பார்த்திருக்கிறேன். மிக்-21இன் மேம்படுத்திய வகையான பைசன் விமானத்தின் இறக்கையில் ஆர்-73 ஏவுகணையைப் பூட்டுவது எங்கள் வேலை. 105 கிலோ எடையும் ஏறத்தாழ மூன்று மீட்டர் நீளமும் கொண்ட அதைத் தூக்கி, ஏவு தண்டவாளத்தில் நேராகச் செருக வேண்டும். ஒரு பக்கம் விரலளவு சாய்ந்தாலும் ஏறாது. முனையில் கண்ணாடிக் குமிழ்போல இருக்கும் கண்ணுக்கு மூடி உண்டு. அதைக் கழற்றிய பிறகு யாரும் விரல் வைக்கக் கூடாது. பறக்கும்போது அந்தக் கண்ணை நைட்ரஜன் வாயுவால் குளிரூட்டுவார்கள். இல்லாவிட்டால் அதன் சொந்தச் சூடே தொலைவிலுள்ள எஞ்சினின் சூட்டை மறைத்துவிடும். கண் இலக்கைப் பற்றியதும் விமானியின் காதில் ஒரு ஒலி கேட்கும். தலைக்கவசத்தில் பொருத்திய குறிநோக்கியால், அவர் முகம் திரும்பும் பக்கமே ஏவுகணையின் கண்ணும் திரும்பும்.

பைசனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிக்-21இன் எஞ்சினுக்குக் காற்று மூக்கு வழியாகவே போகிறது. அந்தக் காற்று வாயின் நடுவில் இருக்கும் கூம்புக்குள்தான் ராடாரை அடக்க வேண்டும் என்பதால், கோப்யோ ராடாரின் ஆன்டெனா ஏறத்தாழ அரை மீட்டர் அகலத்தோடு நின்றுவிட்டது. சுகோய்-30 எம்கேஐயின் மூக்கில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகல ஆன்டெனா இருக்கிறது. ஆன்டெனா பெரிதானால் பார்வை நீளும். என்னதான் மேம்படுத்தினாலும் கூம்பை அகலமாக்க முடியாது. 1963இல் வந்த வடிவத்தை 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைகொடுக்கும் வரை ஓட்டியது பெருமையா, காலதாமதமா என்று என்னைக் கேட்டால், இரண்டும்தான் என்பேன்.

என் வாழ்நாளில் மறக்காத நாள் ஒன்று உண்டு. ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு தளம், மே மாதம். இறக்கை உலோகத்தில் வெறுங்கை பட்டால் தோல் உரிந்துவிடும். பூட்டிய ஒவ்வோர் ஆயுதத்திலும், அது தரையில் தவறி இயங்காமல் தடுக்க ஒரு சேஃப்டி பின் இருக்கும். வீட்டில் சேலைக்குக் குத்தும் ஊக்கை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது விரல் நீள எஃகு ஊசி, நுனியில் சிவப்பு நாடா தொங்கும். விமானம் நகர்வதற்குச் சற்று முன் அவற்றை உருவி, எல்லாவற்றையும் ஒரே கையில் தூக்கி விமானிக்குக் காட்ட வேண்டும். அவர் எண்ணிப் பார்த்துத் தலையசைப்பார். அன்று நான் தூக்கிக் காட்டியபோது அவர் தலையசைக்கவில்லை. ஒரு விரலை மட்டும் உயர்த்தினார். ஒன்று குறைகிறது. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, வியர்வை கண்ணில் வழிய, இறக்கைக்கு அடியில் மறுபடி ஓடினேன். அங்கே எல்லாம் உருவப்பட்டிருந்தன. காணாமல் போனது என் கால்சட்டைப் பையின் மடிப்பில் சிக்கியிருந்தது. நாடா உள்ளே சுருண்டுகொண்டதால் கையில் தட்டுப்படவில்லை. விமானம் இரண்டு நிமிடம் தாமதமாகக் கிளம்பியது. மாலையில் மேலதிகாரி என்னை நிற்க வைத்துக் கேட்டதை இங்கே எழுத முடியாது. ஓடுபாதையில் கிடந்திருந்தால் அதே ஊசியை ஏதாவதோர் எஞ்சின் உறிஞ்சியிருக்கும் என்பதால் அவர் கோபம் நியாயமானது.

தஞ்சாவூரிலிருந்து ஓர் ஆசிரியர்:

ஐயா எழுதியதைப் படித்த பிறகு என் அனுபவம் சிறியதாகத் தெரிகிறது. புதுக்கோட்டை சாலையில் விமானப்படைத் தளத்துக்கு அருகே எங்கள் பள்ளி இருக்கிறது. 2020 ஜனவரி 20 அன்று சுகோய்-30 படையணி இங்கே முறைப்படி சேர்க்கப்பட்டது முதல், அது புறப்படும் நேரத்தில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு காத்திருப்பேன், பேசிப் பயனில்லை. ஆஃப்டர்பர்னர் (கூடுதல் உந்துவிசைக்காக எஞ்சினின் பின்பகுதியில் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) எரியும்போது முதலில் ஜன்னல் கம்பி அதிரும், பிறகுதான் ஓசை நெஞ்சுக்குள் வந்து இறங்கும். மாணவர்கள் கணக்கை விட்டுவிட்டு அடுத்த விமானம் எத்தனை நொடியில் வரும் என்று எண்ணுவார்கள். இதே விமானம்தான் பிரம்மோஸ் ஏவுகணையைச் சுமக்கிறது என்று செய்தித்தாளில் படித்தேன். இரண்டரை டன் எடையுள்ள ஒன்றை வயிற்றில் கட்டிக்கொண்டு பறந்து, நடுவானில் எப்படிக் கழற்றுகிறார்கள்?

மீண்டும் திருச்சியிலிருந்து:

ஐயா, நான் பிரம்மோஸைத் தொட்டவன் இல்லை; பொதுவில் வெளிவந்ததை மட்டும் சொல்கிறேன். அதற்கென விமானத்தின் அடிவயிற்றை வலுப்படுத்தினார்கள். 2017 நவம்பர் 22 அன்று வங்காள விரிகுடாவுக்கு மேலே முதல்முறை சோதித்தபோது, ஏவுகணை விமானத்திலிருந்து விடுபட்டுக் கீழே விழுந்த பிறகே அதன் எஞ்சின் பற்றிக்கொண்டது. அடியிலேயே பற்றினால் விமானத்துக்கு ஆபத்து. தரையிலிருந்து ஏவும் வகை மூன்று டன். உயரத்தையும் வேகத்தையும் விமானமே கொடுத்துவிடுவதால் வான்வகைக்குச் சிறிய உந்துபொறி போதும், அதனால் இரண்டரை டன்னில் முடிந்தது.

அவ்வளவு எடை ஒரு நொடியில் கழன்றால் விமானம் மேலே துள்ளும். அதைக் கட்டுப்பாட்டுக் கணினி சமன்செய்துவிடும். எங்கள் பைசனில் 250 கிலோ குண்டு கழன்றாலே இருக்கையில் ஓர் உதை விழும் என்று விமானிகள் சொல்வார்கள். ஆனாலும் அவர்கள் தரையிறங்கியதும் குண்டு கழன்றதா என்று நாங்கள் கேட்டதில்லை. எஞ்சின் அடங்கியவுடன் குனிந்து இறக்கைக்கு அடியில் போய், கொக்கி திறந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்போம்.