மொலாசஸ் பம்புக்கு வந்த ‘5’

கோயம்புத்தூரில் பம்பு கம்பெனி ஒன்றில், வருகிற என்கொயரிகளைப் படித்து எந்த பம்பு சரிவரும் என்று சொல்வது என் வேலை. தண்ணீருக்கு விஸ்காசிட்டியை, அதாவது திரவம் ஓட எவ்வளவு தடை காட்டுகிறது என்ற அளவை, யாரும் எழுதி அனுப்புவதில்லை. 20 டிகிரியில் அது ஏறக்குறைய 1 சென்டிபாய்ஸ், எல்லோருக்கும் தெரியும். எண்ணெய், பாகு, பசை என்று வரும்போதுதான் சிக்கல்.

சர்க்கரை ஆலை ஒன்றுக்கு மொலாசஸ் (சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கெட்டிப் பாகு) பம்பு கேட்டு டேட்டா ஷீட் வந்தது. விஸ்காசிட்டி என்ற இடத்தில் வெறும் 5, யூனிட் இல்லை. நடுவில் இருந்த ஏஜென்ட் அதைச் சென்டிபாய்ஸ் என்று வைத்துக்கொண்டு, தண்ணீர் போன்ற மெல்லிய திரவங்களுக்கான சென்ட்ரிஃபியூகல் பம்புக்கு விலை கேட்டுவிட்டார். பாலைவிடக் கொஞ்சம் கெட்டியான திரவத்துக்குத்தான் அந்த எண் பொருந்தும். மொலாசஸுக்கு வாய்ப்பே இல்லை. ஆலைக்கே போன் போட்டேன்.

“பாஸ்கல்-செகண்ட் சார், எங்க லேப்ல அப்படித்தான் எழுதுவோம்” என்றார் கெமிஸ்ட்.

1 பாஸ்கல்-செகண்ட் என்றால் 10 பாய்ஸ், அதாவது 1000 சென்டிபாய்ஸ். ஆக 5000. கெட்டித் திரவத்தைத் தள்ளும் கியர் பம்போ ஸ்க்ரூ பம்போதான் பார்க்க வேண்டும்.

எந்த யூனிட்டில் வந்தாலும் முதலில் மில்லிபாஸ்கல்-செகண்டுக்கு மாற்றிவிடுவது நல்லது. 1 சென்டிபாய்ஸும் 1 மில்லிபாஸ்கல்-செகண்டும் ஒன்றேதான், கணக்கே வேண்டாம். அமெரிக்க டேட்டா ஷீட் வந்தால் மட்டும் நிதானம் தேவை. அடி-செகண்டுக்கு 1 பவுண்டு என்பது ஏறக்குறைய 1488 சென்டிபாய்ஸ். சதுர அடிக்கு 1 பவுண்டு விசை-செகண்ட் என்பதோ சுமார் 47,880. இரண்டிலும் ‘பவுண்டு’ இருப்பதால் அவசரத்தில் மாற்றிப் படித்தால் 32 மடங்கு பிசகும்.

விஸ்காசிட்டிக்கே உள்ள சென்டிஸ்டோக்ஸ் என்ற யூனிட் இன்னொரு பொறி. அதையும் சென்டிபாய்ஸையும் ஒன்றாக நினைக்கிறவர்கள் நிறைய. தண்ணீரில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே எண்ணாக வருவதால் அந்தப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறது. உண்மையில் சென்டிபாய்ஸை அடர்த்தியால் வகுத்தால்தான் சென்டிஸ்டோக்ஸ் வரும். மொலாசஸின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) சுமார் 1.4, அதனால் நம்முடைய 5000 சென்டிபாய்ஸ் ஏறக்குறைய 3570 சென்டிஸ்டோக்ஸ்தான்.

அப்புறம் கெமிஸ்டிடம் எந்த வெப்பநிலையில் எடுத்த அளவு என்றும் கேட்டேன். 40 டிகிரி என்றார். டேங்க் வெட்டவெளியில் இருந்தது. மார்கழி விடியற்காலையில் மொலாசஸ் அதைவிடப் பல மடங்கு கெட்டியாக இருக்கும். அந்தக் குளிரில் எடுத்த அளவையும் வாங்கிக்கொண்டுதான் மோட்டாரின் எச்பியை முடிவு செய்தோம்.