வெருலத்தில் சரிவான மனை, கையில் 9.5 லட்சம் ராண்ட்: மூன்று மதிப்பீடுகளில் எதை நம்புவது?

வெருலம் மனைக்காரர்:

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் பெற்றோர் வீட்டில் தம்பி குடும்பத்தோடு குடியிருக்கும் நாங்கள், வெருலத்தில் வாங்கிப்போட்ட மனையில் இந்த ஆண்டாவது வீடு கட்டிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். மூன்று படுக்கையறை, இரண்டு குளியலறை, கூடம், சமையலறை, கார் நிறுத்தும் கொட்டகை எல்லாம் சேர்த்து 95 சதுர மீட்டர். வங்கி 6.5 லட்சம் ராண்ட் கடன் தர ஒப்புக்கொண்டுவிட்டது. மீதி 3 லட்சம் நானும் என் மனைவியும் பதினோரு ஆண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அதற்கு மேல் புரட்ட எங்களுக்கு வழி இல்லை. வரைபடத்துக்கு ஈத்தெக்வினி (டர்பன்) நகராட்சியின் ஒப்புதல் வந்துவிட்டது.

மூன்று ஒப்பந்தக்காரர்களிடம் மதிப்பீடு வாங்கினேன். முதலாமவர் 11.2 லட்சம் கேட்கிறார்; ஆறு பக்கங்களில் வேலையைப் பிரித்து எழுதியிருக்கிறார். இரண்டாமவர் 9.85 லட்சம், மூன்று பக்கங்கள். மூன்றாமவர் 7.9 லட்சத்துக்கு முடித்துத் தருவதாகச் சொல்கிறார். அவர் தந்தது ஒரே ஒரு தாள். "அஸ்திவாரம், சுவர், கூரை, பூச்சு, மற்றவை" என்று ஐந்து வரிகள், கீழே மொத்தத் தொகை. முன்பணமாக 40 விழுக்காடு வேண்டும் என்கிறார். வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில் அவருக்குப் பதிவு இல்லை. "வங்கிக்கு என் மைத்துனரின் பதிவு எண்ணைக் கொடுத்துவிடலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பழகுவதற்கு நல்ல மனிதர். எங்கள் தெருவில் அவர் கட்டிய பின்கட்டு பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. கையிருப்புக்குள் முடிகிறதே என்பதால் அவரிடமே கொடுத்துவிடலாம் என்று அப்பா சொல்கிறார்.

மனை, சாலையிலிருந்து பின்பக்கம் நோக்கி ஏறத்தாழ 2 மீட்டர் சரிகிறது. எதை வைத்து முடிவெடுப்பது? பொருள்களை நானே வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் ஆள் வைத்துக்கொண்டால் மிச்சமாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

டொங்காட் கொத்தனார்:

தம்பி, 38 ஆண்டுகள் கரண்டி பிடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். மூன்று தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தரைக்குக் கீழே நடக்கும் வேலைக்கு ஒவ்வொருவரும் எத்தனை வரி எழுதியிருக்கிறார் என்பதை முதலில் பாருங்கள். சமதளத்தில் வீடு கட்டுபவருக்கு அஸ்திவாரம் ஒரு செலவு என்றால், 2 மீட்டர் சரிவில் கட்டுபவருக்கு அதுவே பாதிக் கவலை. பின்பக்கத்தில் தரைமட்டம் வருவதற்கு முன்பே ஒரு மனிதனின் இடுப்பு உயரத்துக்கோ மார்பு உயரத்துக்கோ சுவர் எழும்ப வேண்டியிருக்கும். அதற்குள் மண் நிரப்பி, 150 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் அடுக்கடுக்காகத் திமிசு போட்டு இறுக்க வேண்டும். மண் சரியாமல் இருக்கத் தாங்கு சுவரும், அதன் முதுகில் தண்ணீர் தேங்காமல் வடிய வழியும் வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு மண் நிரப்புவதென்றால் கட்டமைப்புப் பொறியாளர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட வேண்டும். இவ்வளவையும் "அஸ்திவாரம்" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கிவிட்டவர், இடத்துக்கு வந்து சரிவை அளக்கவே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சுவருக்கு அடியில் போடும் கான்கிரீட் பட்டையின் கனம் குறைந்தது 200 மில்லிமீட்டர் என்பது இந்நாட்டுக் கட்டட விதி; அகலம் சுவரையும் கூரையையும் பொறுத்தது. வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டிய அன்று அளவு நாடாவோடு போய் நீங்களே இறங்கிப் பாருங்கள். கான்கிரீட் கொட்டிய பிறகு யாரும் எதையும் அளக்க முடியாது.

2022 ஏப்ரல் மழையில், நம் மாகாணமான குவாஸுலு-நட்டாலில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த அந்த வாரத்தில், எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டைப் பார்த்தேன். சுவர் நின்றது, கூரை நின்றது. சமையலறைத் தரைக்குக் கீழே இருந்த மண் முழுவதும் அரித்துப் போயிருந்தது. தரைப் பலகைக் கான்கிரீட் அந்தரத்தில் தொங்க, அதன் மேல் குளிர்பதனப் பெட்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோது நிரப்பிய மண்ணில் உடைந்த செங்கல்லும் பிளாஸ்டிக் பையும் கிடந்தன. திமிசு பட்ட அடையாளமே இல்லை.

ஒருவரின் வேலையைப் பார்க்க வேண்டுமானால், பூச்சு முடிந்த வீட்டுக்குப் போகாதீர்கள். பூசிவிட்டால் எல்லாச் சுவரும் அழகுதான். பூசாமல் நிற்கும் சுவருக்குப் போய், சாவி முனையால் இரண்டு கல்லுக்கு இடையிலுள்ள சாந்தைச் சுரண்டுங்கள். மணலாகப் பொலபொலவென்று உதிர்ந்தால் சிமென்டைக் குறைத்திருக்கிறார். ஜன்னல்களுக்கு மேலே கம்பி வலை போட்ட வரிசைகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள். பிறகு அவர் கட்டி இரண்டு மழைக்காலம் கடந்த ஒரு வீட்டுக்குப் போய், அந்த வீட்டு அம்மாவிடம் பேசுங்கள்.

ஸ்டாங்கர் அக்கா:

தம்பி, உங்கள் மூன்றாமவரைப் பற்றிப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. என் கணவர் இறந்த பிறகு வந்த ஓய்வூதியப் பணத்தில், வங்கிக் கடன் எதுவும் வாங்காமல் நான் வீடு கட்டத் தொடங்கினேன். கடன் இல்லாததால் பதிவைப் பற்றிக் கேட்க யாருமில்லை, நானும் கேட்கவில்லை. அவரும் நல்ல மனிதராகத்தான் பேசினார். மொத்தத்தில் 45 விழுக்காட்டை முதலிலேயே வாங்கிக்கொண்டார். ஆறு வாரம் வேலை மளமளவென்று நடந்தது. ஜன்னல் அடிமட்டம் வரை சுவர் எழும்பியதும் ஆள்கள் வருவது குறைந்தது. பிறகு ஒருநாள் கலவை இயந்திரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தக் கோடை மழை முழுவதும் சுவர் திறந்தபடி நனைந்தது. பாசி பிடித்துப் பச்சையாகிப்போன செங்கல்லை வாரந்தோறும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். பின்னால் வந்த ஒப்பந்தக்காரர் மேல் நான்கு வரிசைகளைக் கையாலேயே எடுத்து அடுக்கினார்; சுத்தியல்கூடத் தேவைப்படவில்லை. பதிவு மன்றத்துக்குப் போனேன். பணி தொடங்கு முன் வீடு பதிவாகவில்லை, கட்டியவரும் பதிவு பெற்றவர் இல்லை, ஆகவே உத்தரவாத நிதியிலிருந்து எதுவும் கிடைக்காது என்றார்கள். பதிவு இல்லாதவர் வீடு கட்டித் தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குவதே சட்டப்படி குற்றம் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாததால் வழக்கறிஞருக்கும் பிடிமானம் கிடைக்கவில்லை. அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அளவைக் கணக்கர்:

கட்டட அளவைக் கணக்கு அலுவலகத்தில் பணியாற்றுகிறேன். அக்கா சொன்னதோடு சட்டப் பக்கத்தையும் சேர்த்துவிடுகிறேன். 1998ஆம் ஆண்டின் வீட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கட்டுபவர் தேசிய வீடு கட்டுவோர் பதிவு மன்றத்தில், அதாவது நாம் என்.எச்.பி.ஆர்.சி. என்று சொல்லும் அமைப்பில், பதிவு பெற்றிருக்க வேண்டும். உங்கள் வீடும் வேலை தொடங்குவதற்கு 15 நாள்களுக்கு முன்பே அங்கே பதிவாக வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வரைபடமும் பொருள்களின் விவரமும் அதோடு இணைந்திருக்க வேண்டும். இப்படிப் பதிவான வீட்டுக்கு, குடிபுகுந்த நாளிலிருந்து வேலைக் குறைகளுக்கு 3 மாதம், கூரை ஒழுகலுக்கு 12 மாதம், பெரிய கட்டமைப்புக் கோளாறுகளுக்கு 5 ஆண்டு என்று கட்டியவர் பொறுப்பேற்கிறார். கட்டமைப்புக் கோளாறை அவர் சரிசெய்யாமல் கைவிட்டாலோ தொழிலையே மூடிவிட்டாலோதான் மன்றத்தின் நிதி கைகொடுக்கும்.

மைத்துனரின் எண் என்பதை எந்த நிலையிலும் ஏற்காதீர்கள். காகிதத்தில் கட்டியவர் ஒருவர், களத்தில் கட்டியவர் வேறொருவர் என்றாகிவிட்டால், நாளை விரிசல் விடும்போது இருவருமே "நான் இல்லை" என்பார்கள். வங்கியிடம் பொய் சொன்ன பழி உங்கள் தலையில் விழும். 2024 மே 6 அன்று ஜார்ஜ் நகரில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடி இடிந்து 34 பேர் இறந்த பிறகு, அதன் பதிவில் நடந்த முறைகேடுகளுக்காக அந்த மன்றத்தின் அதிகாரிகளே பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அதனால் ஒப்பந்தக்காரர் நீட்டும் சான்றிதழ் நகலோடு நிற்காமல், பதிவு எண்ணை மன்றத்தின் டர்பன் அலுவலகத்தில் நீங்களே கொடுத்துச் சரிபாருங்கள்.

பணத்தை வேலையின் பின்னால் நடக்க விடுங்கள், முன்னால் அல்ல. முன்பணம் 10 விழுக்காட்டுக்கு மேல் வேண்டாம். தரைப் பலகை முடிந்ததும் ஒரு தவணை, சுவர் கூரைமட்டம் தொட்டதும் ஒன்று, கூரை ஏறியதும் ஒன்று, பூச்சும் குழாயும் முடிந்ததும் ஒன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். 5 விழுக்காட்டைக் குடிபுகுந்து மூன்று மாதம் வரை கையில் நிறுத்திவையுங்கள். வீட்டில் குடிபுகலாம் என்று நகராட்சி தரும் சான்றிதழும் மின்சாரச் சான்றிதழும் வந்த பிறகுதான் கடைசித் தவணை.

கூலிக்கு மட்டும் ஆள் வைப்பது, நாள் முழுதும் களத்தில் நிற்கக்கூடியவருக்குச் சரிப்படும். நீங்கள் வேலைக்குப் போகிறவர் என்றால், காணாமல் போகும் சிமென்ட் மூட்டையிலேயே மிச்சம் கரைந்துவிடும்.

இரண்டாமவரின் மூன்று பக்கங்களில் வெந்நீர் ஏற்பாடு இருக்கிறதா என்று தேடுங்கள். புதிய வீட்டில் ஆண்டு வெந்நீர்த் தேவையில் பாதியையாவது சாதாரண மின் கீசர் அல்லாத வழியில், சூரிய வெப்பத்தாலோ வெப்ப பம்பாலோ பெற வேண்டும் என்பது விதி. பல மதிப்பீடுகளில் அது விட்டுப்போயிருக்கும்; வேலை பாதியில் "கூடுதல்" என்று முளைக்கும்.

வெருலம் மனைக்காரர்:

ஐயாவுக்கும் அக்காவுக்கும் கணக்கருக்கும் என் நன்றி. அக்கா எழுதியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, அந்தத் தாளை எடு என்று மூன்றாமவரின் மதிப்பீட்டை வாங்கி, தன் கையாலேயே மடித்து வைத்துவிட்டார்.

சனிக்கிழமை இரண்டாமவரோடு மனைக்குப் போனோம். அவர் நான்கு முளை அடித்து, கயிறு கட்டி, குழாயில் தண்ணீர்மட்டம் பிடித்துப் பார்த்தார். நான் 2 மீட்டர் என்று நினைத்திருந்தது வீடு வரும் அளவுக்குள் 1.3 மீட்டர்தான். தாங்கு சுவர் அவர் கணக்கில் இருக்கிறது. பொறியாளர் கட்டணமும் வெந்நீரும் இல்லை, இரண்டையும் சேர்த்தால் 10.4 லட்சம் என்று அங்கேயே ஒளிக்காமல் சொன்னார். பதிவு எண்ணை டர்பன் அலுவலகத்தில் கேட்டேன். அவர் பெயரில்தான் இருக்கிறது, நடப்பிலும் இருக்கிறது. அவர் கட்டிய ஒரு சுவரில் சாவியால் சுரண்டியும் பார்த்தேன், சாவிதான் தேய்ந்தது.

மனைவியோடு உட்கார்ந்து, கார்க் கொட்டகையையும் இரண்டாவது குளியலறையின் ஓடு, பீங்கான் சாமான்களையும் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவிட்டோம். குழாய்களை மட்டும் இப்போதே தரைக்குள் புதைத்துவிடச் சொன்னோம். வீடு 81 சதுர மீட்டராகக் குறைகிறது. திருத்திய வரைபடம் மறுபடி நகராட்சிக்குப் போக வேண்டும். புதிய கணக்கு 9.1 லட்சம் வருகிறது. எஞ்சும் 40,000 ராண்டைத் தரைக்குக் கீழே எதிர்பாராதது வந்தால் என்று தொடாமல் வைத்திருக்கிறோம். ஐயா, வானம் தோண்டும் நாள் தெரிந்ததும் இங்கேயே எழுதுகிறேன். முடிந்தால் ஒரு நடை வந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும்.